பரலில்லாச் சிலம்பு

சிலப்பதிகாரம் படித்த எவரும் பாண்டியன் அவையில் நடந்த வழக்கை மறந்திருக்க மாட்டார். இரண்டு சிலம்புகள். புறத்தே பார்த்தால் வேற்றுமை தெரியாது. ஒன்றனுள் முத்துப் பரல். மற்றொன்றனுள் மாணிக்கப் பரல். உடைத்துப் பார்த்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. அந்த வழக்கை நாம் நீதியின் கண்கொண்டு பார்த்துப் பழகிவிட்டோம். நான் அதனை இங்கே இசைக் கருவியின் கண்கொண்டு பார்க்க விரும்புகிறேன். சிலம்பு வெறும் அணிகலன் அன்று. உடம்பிலே அணிந்துகொண்டு, உடம்பின் அசைவினாலேயே ஒலிப்பிக்கும் கருவியும் ஆகும். அதனை ஒலிக்கச் செய்வது கால். அந்த ஒலி இன்னது என முடிவு செய்வது உள்ளே கிடக்கும் பரல்.

இக்காலத்தில் கையுறையாகவும் வளையாகவும் காலணியாகவும் சட்டையாகவும் அணிந்துகொண்டு, உடல் அசைவினால் இசை எழுப்பும் மின்னணுக் கருவிகள் வந்துள்ளன. அவை எவ்வாறு வேலை செய்கின்றன, எங்கே இடறுகின்றன, யாருக்குப் பயன்படுகின்றன என்பவற்றை நம் மன்றத்து நண்பர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். படித்ததோடு நில்லாமல், நான் தங்கியிருக்கும் மல்லாபூர்த் தெருவில் செய்து பார்த்துக் கற்றதையும் சொல்லப் போகிறேன். அங்கே எனக்கு ஆசிரியராக வாய்த்தவர் பொறியியல் படித்தவர் அல்லர், ஒரு தவிற்கலைஞர்.

அணிந்து ஒலிக்கும் மரபு

அணிந்துகொண்டு இசை செய்வது நமக்குப் புதிதன்று. பரதநாட்டியம் ஆடுவோர் காலில் சலங்கை கட்டுகின்றனர். ஒயிலாட்டக்காரர் கட்டுகின்றனர். கரகாட்டக்காரரும் கட்டுகின்றனர். சலங்கையை வாசிப்பதற்கென்று தனியே ஒரு கை வேண்டா, ஆட்டமே வாசிப்பு. அடி பிழைத்தால் ஒலியும் பிழைக்கும். ஆகவே ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் மாணவியின் தவற்றைக் கண்டுபிடித்து விடுவார்.

நாம் வந்து வாழும் இந்தத் தெலங்கானா மண்ணிலும் இம்மரபு உண்டு. காகதீயர் காலத்தில் ஜாயப சேனானி என்பவர் 'நிருத்த ரத்னாவளி' என்னும் வடமொழி நூலை எழுதினார். அதில் பேரிணி என்னும் கூத்து பேசப்படுகிறது. காலிற் கட்டிய சிறு மணிகளை ஒலிப்பிக்கும் திறமும் அக்கூத்தின் பகுதியாகவே எண்ணப்பட்டது. வழக்கொழிந்து கிடந்த அக்கூத்தை, நூலையும் 1213ஆம் ஆண்டில் எழுந்த இராமப்பா கோயிற் சிற்பங்களையும் துணையாகக் கொண்டு, 20ஆம் நூற்றாண்டில் மீண்டும் மேடையேற்றியவர் நடராஜ இராமகிருஷ்ணர்.

தவில் வாசிப்பவரைப் பாருங்கள். இடக்கையில் கம்பு, வலக்கை விரல்களில் கூடுகள். துணியையும் பசையையும் கொண்டு செய்து காயவைத்த அந்தக் கூடுகள் இல்லாவிடின், அத்துணை இழுத்துக் கட்டிய தோலில் அத்துணை விரைவாக விரல் விளையாட முடியாது. அந்தக் கூடும் அணிகருவியே. அது விரலின் அசைவைப் பெரிதாக்கிக் கொடுக்கிறது.

மின்சாரம் வந்த பின்னர்

அசைவை மின்சாரத்தின் வழியே இசையாக்கும் முயற்சிக்கு நூறு ஆண்டு வயதாகிவிட்டது. 1920ஆம் ஆண்டளவில் இரசிய அறிவியலாளர் லெவ் தெரேமின் ஒரு கருவியை அமைத்தார். அதனைத் தொடவே வேண்டா. பெட்டியினின்று நீட்டிய கம்பியின் அருகே கையைக் கொண்டுபோனால் சுருதி ஏறும், விலக்கினால் இறங்கும். மற்றொரு கை ஒலியின் அளவைக் கூட்டும், குறைக்கும். நம் உடம்பும் மின்னூட்டத்தைத் தாங்கவல்லது. கம்பிக்கும் கைக்கும் இடையிலுள்ள தொலைவு மாறும்போது மின்தேக்கும் அளவு மாறுகிறது. அந்த மாற்றமே சுருதியாகிறது. பின்னர் 1930களில் ஆடுபவரின் முழு உடம்பும் இசையை மாற்றும்படியான ஒரு மேடையையும் அவரே அமைத்தார்.

1965ஆம் ஆண்டில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜும் நடன ஆசிரியர் மெர்ஸ் கன்னிங்காமும் நியூயார்க்கில் ஒரு நிகழ்ச்சி நடத்தினர். மேடையில் நாட்டிய கம்பங்களும் ஒளியை உணரும் கண்களும், ஆடுவோர் நெருங்குவதையும் விலகுவதையும் அறிந்து ஒலியை மாற்றின. அங்கெல்லாம் கருவி மேடையில் இருந்தது. ஆடுபவர் அதனைத் தேடிச் சென்றார். கருவி உடம்புக்கு வந்தது அதன் பின்னரே. நெதர்லாந்தில் மிஷல் வைஸ்விஸ் 1984ஆம் ஆண்டில் இரு கைகளிலும் மாட்டிக்கொள்ளும் கருவிகளோடு மேடையேறினார். 1991ஆம் ஆண்டில் லெடீஷியா சொனாமி, பாத்திரம் துலக்குவோர் அணியும் இரப்பர்க் கையுறையின் விரல் நுனிகளில் காந்தத்தை உணரும் சில்லுகளை ஒட்டித் தம் முதற் கையுறைக் கருவியைச் செய்தார். 1990களின் நடுவில் ஜப்பானின் யமாஹா நிறுவனம் மூட்டுகள் மடங்குவதை அறியும் சட்டை ஒன்றை விற்றது. அதே பத்தாண்டின் இறுதியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோசப் பாரடிசோவின் குழுவினர், ஒவ்வொரு காலணியிலும் 16 வகையான அளவுகளை எடுத்து அனுப்பும் நடனக் காலணிகளை உருவாக்கினர்.

ஆங்கிலப் பாடகி இமொஜன் ஹீப் 2010 முதல் ஒரு குழுவோடு சேர்ந்து உருவாக்கிய கையுறைகள் இன்று பலருக்குத் தெரிந்தவை. அவற்றை அணிந்து மேடையேறியவருள் கிரிஸ் ஹால்பின் என்னும் இசைஞரும் ஒருவர். பெருமூளை வாதம் உடைய அவருக்குக் கிதார் வாசிப்பது கடினமாகிக்கொண்டு வந்தது. கையுறை அவருக்கு மேடையைத் திருப்பிக் கொடுத்தது. இந்தச் செய்தியைப் படித்த நாளில்தான் இத்துறை எனக்கு வேடிக்கை என்னும் நிலையினின்று உயர்ந்தது.

நம் நகரையும் மறக்கலாகாது. 2014ஆம் ஆண்டில் செகந்தராபாத்து நிறுவனம் ஒன்று 'லேசல்' என்னும் காலணியை அறிமுகப்படுத்தியது. வலப்புறம் திரும்ப வேண்டுமாயின் வலக்காலணி அதிரும். இடப்புறமாயின் இடக்காலணி அதிரும். அங்கே கருவி காலோடு பேசியது. இசைக் கருவியிலோ கால் கருவியோடு பேசுகிறது. திசைதான் வேறு, உள்ளே இருக்கும் கலை ஒன்றே.

அசைவு எண்ணாவது எப்படி?

அந்தக் கலையை எளிதாகப் பார்ப்போம். பேருந்தில் நின்றுகொண்டு வருகிறோம். ஹப்சிகுடாச் சந்திப்பில் ஓட்டுநர் திடீரென நிறுத்துகிறார். பேருந்து நிற்கிறது, நாம் முன்னோக்கிச் சாய்கிறோம். எவ்வளவு சாய்ந்தோம் என்று ஒருவர் அளந்தால், பேருந்து எவ்வளவு கடுமையாக நின்றது என்று கணக்கிட்டுவிடலாம். முடுக்கமானி என்னும் உணரியில் நடப்பது இதுவே. அரிசியளவுச் சில்லினுள், சிலிக்கனால் ஆன மிக நுண்ணிய எடை ஒன்று சுருள்வில் போன்ற இழைகளில் தொங்குகிறது. சில்லு அசையும்போது எடை சற்றுப் பின்தங்குகிறது. அதன் பக்கத்துத் தகடுகளுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மாறுகிறது. மின்தேக்கும் அளவும் மாறுகிறது. தெரேமினின் கைக்கும் கம்பிக்கும் இடையே நிகழ்ந்ததே இங்கே கண்ணுக்குத் தெரியாத அளவில் நிகழ்கிறது. அந்த மாற்றம் ஓர் எண்ணாக வெளிவருகிறது. நம் அனைவருடைய கைப்பேசியிலும் இந்தச் சில்லு உண்டு. திரையைச் சாய்த்தால் படம் திரும்புவது அதனால்தான்.

இதற்குத் துணையாகச் சுழற்சியின் விரைவை அளக்கும் சுழல்மானி உண்டு. விரல் மடங்குவதை அறிய, மடக்கினால் மின்தடை கூடும் பட்டை உண்டு. அடிப்பாதம் தரையில் அழுத்துவதை அறிய அழுத்த உணரி உண்டு. இவை தரும் எண்களைச் சிறு கணிப்பலகை ஒன்று நொடிக்கு 200 தடவை படிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாம் குறித்த எல்லையை எண் தாண்டியதும், 'ஓர் அடி விழுந்தது' எனப் பலகை முடிவு செய்கிறது. ஒரே அடியை இரண்டாக எண்ணிவிடாதபடி, அடுத்த சில கணங்களுக்குக் கண்ணை மூடிக்கொள்கிறது. பின்னர், முன்னமே பதிந்து வைத்த ஒலியை எழுப்புகிறது.

இங்கேதான் பழைய சிலம்புக்கும் புதிய கருவிக்கும் உள்ள வேறுபாடு தோன்றுகிறது. சிலம்பில் அசைவும் பரலும் பிரியாதவை. மின்கருவியிலோ அசைவு எண்ணாகிவிட்டது. எண்ணுக்கு ஒலி இல்லை. அது பரலில்லாச் சிலம்பு. அதனுள் எந்தப் பரலை இடுவது என்பதை மனிதன்தான் முடிவு செய்ய வேண்டும். எந்த மனிதன் என்பதே கேள்வி.

மல்லாபூரில் ஒரு பாடம்

மல்லாபூர் தொழிற்கூடங்கள் நிறைந்த பகுதி. ஒரு பக்கம் நாச்சாரம். மறுபக்கம் சற்றுத் தள்ளி, 1967ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இந்திய மின்னணுக் கழகத்தின் பெயராலேயே வழங்கும் ஈ.சி.ஐ.எல். பகுதி. தொழிற்கூடத்தில் வேலைபார்க்கும் மகனோடு வந்து தங்கியிருக்கிறார் அந்தப் பெரியவர். தஞ்சைப் பக்கத்துக்காரர். நாற்பது ஆண்டுகள் தவில் வாசித்தவர். பக்கவாதம் கண்டு அவர் வலக்கை விரல்கள் செயலிழந்தன. முழங்கையை மட்டும் ஒரு சாண் உயரம் தூக்கி இறக்க முடியும். தவில் ஊரில் இருக்கிறது. விரற்கூடுகளை மட்டும் ஒரு தகரப் பெட்டியில் கொண்டுவந்திருக்கிறார்.

அவரிடம் என் முயற்சியைச் சொன்னேன். சிரித்துவிட்டுச் "செய் தம்பி, பார்ப்போம்" என்றார். கோட்டிக்குப் போனேன். (பெயரைக் கேட்டு நெல்லை நண்பர்கள் நகைக்க வேண்டா, இந்நகரின் பெரிய கடைவீதி அது.) அங்கே குஜராத்தி கல்லி என்னும் சந்தில் மின்னணுப் பொருள்கள் விற்கும் கடைகள் நெருங்கி இருக்கின்றன. ஒரு கணிப்பலகை, ஒரு முடுக்கமானி, மின்கலம், கம்பிகள் எல்லாம் ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கின. முழங்கைக்குக் கீழே கட்டும் துணிப்பட்டையில் அவற்றைத் தைத்தேன். தவிலின் 'தொம்' என்னும் ஒலியைக் கைப்பேசியில் ஏற்றினேன். அசைவு பட்டையிலிருந்து கைப்பேசிக்கும், ஒலி கைப்பேசியிலிருந்து ஒலிபெருக்கிக்கும் கம்பியின்றியே செல்லும்படி அமைத்தேன்.

பெரியவர் கையைத் தூக்கி நாற்காலியின் கையில் இறக்கினார். 'தொம்' என்றது. வீட்டில் உள்ளோர் கைதட்டினர். அவர் தட்டவில்லை. நான்கு முறை செய்து பார்த்தார்.

"தம்பி, சத்தம் எனக்குப் பின்னாலே வருது. தாளத்துக்குப் பின்னாலே நான் போனதே இல்லை."

அன்றிரவு, கை விழும் ஓசையையும் ஒலிபெருக்கியின் ஓசையையும் ஒரே பதிவில் பிடித்து இடைவெளியை அளந்தேன். 180 மில்லிநொடி. இது நமக்கு அற்பமாகத் தோன்றலாம். கணக்கிட்டுப் பாருங்கள். காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. 180 மில்லிநொடித் தாமதம் என்பது, தம் மடியிலுள்ள தவிலை 60 மீட்டர் தொலைவில் நின்று கேட்பதற்கு ஒப்பாகும். மேலும், நிமிடத்துக்கு 60 அட்சரம் என்னும் நிதான கதியிற்கூட, ஓர் அட்சரத்துக்கு எட்டுச் சொல் வாசித்தால் ஒரு சொல்லுக்குக் கிடைப்பது 125 மில்லிநொடியே. என் கருவியின் ஒலி வந்து சேருமுன் அவர் அடுத்த சொல்லைக் கடந்துவிடுவார். இசைஞர் கைக்கும் ஒலிக்கும் இடையே 10 மில்லிநொடியளவே இருக்கலாம் என்று இத்துறையினர் வற்புறுத்துவதன் காரணம் இதுவே. சலங்கைக்கு இந்தத் தொல்லை இல்லை. அது பிறந்த நாளிலிருந்தே தாமதம் அறியாதது.

பிழை பெரும்பாலும் கம்பியில்லா வழியில் இருந்தது. ஒலி இடையிலே அறுந்துபோகாதிருக்க, அதனைச் சிறிது சேர்த்து வைத்துப் பின்னரே வெளியிடுமாறு அக்கருவிகள் அமைந்துள்ளன. பாட்டுக் கேட்பதற்கு அது நன்மை, வாசிப்பதற்குத் தீமை. ஆகவே கைப்பேசியை நீக்கினேன். ஒலியைக் கணிப்பலகையிலேயே பதிந்தேன். ஒலிபெருக்கியைக் கம்பியால் இணைத்தேன். இடைவெளி 12 மில்லிநொடியாயிற்று. ஒலி 4 மீட்டர் தொலைவுக்கு நெருங்கி வந்துவிட்டது. பெரியவர் பத்து நிமிடம் ஒன்றும் பேசாமல் கையைத் தூக்கித் தூக்கி இறக்கினார். நான் வென்றுவிட்டதாக எண்ணினேன்.

பரல் இடுபவர் யார்?

மறுநாள் அவர் பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

"சரியாத்தான் இருக்கு. ஆனால் இது தவில் இல்லை. தவில் விரலிலே இருக்கு தம்பி. எனக்கு இப்போ முழங்கைதான் இருக்கு. முழங்கைக்கு உள்ளதைக் கொடு."

எனக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. அவர் எதை இழந்தாரோ அதன் ஒலியை அவர் கையிற் கட்டிவிட்டேன். தவிலில் ஒரு சொல்லுக்கும் மறு சொல்லுக்கும் உள்ள வேற்றுமை விரலின் வேற்றுமை. தூக்குதல், இறக்குதல் என்னும் இரண்டே அசைவுக்குத் தவில் ஒலியைப் பூட்டினால், நாற்பது ஆண்டு வித்தை ஒற்றைக் குத்தாகக் குறுகிவிடுகிறது. ஒவ்வொரு முறை கையை இறக்கும்போதும் இல்லாத விரல்களையே அது நினைவூட்டும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ஒரு விரலை அசைத்தால் நூறு வயலின்கள் முழங்கும்படி அமைத்துவிடலாம். காண்போர் வியப்பர். ஆனால் அங்கே வாசிப்பவர் யார்? அசைத்தவர் விசையைத் தட்டினார், வாசித்தது இயந்திரம். அசைவு பெரிதானால் ஒலி பெரிதாக வேண்டும். அசைவு பிழைத்தால் ஒலியும் பிழைக்க வேண்டும். பிழை செய்ய இடங்கொடாத கருவியில் திறமைக்கும் இடமில்லை.

"என்ன ஒலி வேண்டும் ஐயா?" என்று கேட்டேன். நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. "தாளம்" என்றார். நாகசுரக் கச்சேரியில் பக்கத்திலிருந்து தட்டும் வெண்கலத் தாளம். அதற்கு இரண்டு கையும் வேண்டும். அவருக்கு ஒரு கையே உண்டு. இடக்கையால் தொடையில் தட்டலாமே என்பீர்கள். தட்டிக்கொண்டுதான் இருந்தார். "இந்தக் கை சும்மாக் கிடக்குதே" என்று வலக்கையைப் பார்த்தார்.

தாளத்தின் ஒலியை ஏற்றினேன். கை மெல்ல இறங்கினால் ஒலி மெலியவும், வேகமாக இறங்கினால் ஓங்கவும் செய்தேன். இன்னும் ஒரு சிக்கல் எஞ்சியது. அவர் இருமினாலும் துண்டைச் சரிசெய்தாலும் தாளம் ஒலித்தது. எல்லையை உயர்த்தினேன். ஒலி நின்றது, ஆனால் அவர் மிகுதியாக வருந்தித் தூக்க வேண்டியதாயிற்று. தாழ்த்தினால் தொல்லை, உயர்த்தினால் வருத்தம். எந்த எண் சரியென்று எந்த நூலிலும் இல்லை. காலையில் ஒன்று, களைத்த மாலையில் மற்றொன்று. முடிவில் ஒரு சிறு திருகியைப் பொருத்தி அவர் இடக்கையில் கொடுத்துவிட்டேன். அவரே கூட்டுகிறார்; அவரே குறைக்கிறார். அன்றிலிருந்து அது என் கருவி அன்று, அவருடைய கருவி.

இது மருத்துவம் அன்று. அவர் விரல்கள் திரும்பிவிடவில்லை. நான் அவ்வாறு எதிர்பார்க்கவும் இல்லை. ஆயினும் மாலைதோறும் அவர் பேத்தி எதிரே அமர்ந்து சரளி வரிசை பாடுகிறாள். பெரியவர் பட்டையைக் கட்டிக்கொண்டு தாளம் போடுகிறார். சென்ற வாரம் நான் போயிருந்தபோது அவள் மூன்றாம் காலத்தில் விரைந்துவிட்டாள்.

"ஓடாதே கண்ணு. என் கை வரட்டும்" என்றார்.

அவள் நின்று, காத்திருந்து, கை இறங்கியதும் எடுத்தாள்.

நண்பர்களே, உணரிகள் மலிவாகிவிட்டன. கணிப்பலகைகள் சந்தையிற் கிடைக்கின்றன. அருமையாக இருப்பது, அணியப் போகிறவரிடம் சென்று 'உங்கள் அசைவுக்கு எந்த ஒலி பொருந்தும்?' என்று கேட்கும் பொறுமையே. சிலம்பை யார் அணிகிறாரோ அவரே பரலையும் தெரிந்தெடுக்க வேண்டும். நம் மன்றத்தில் சலங்கை கட்டி ஆடுவோர் உள்ளனர். பொறியியல் பயில்வோரும் உள்ளனர். இரு சாராரும் ஒரே மேசையில் அமர்ந்து நான் கண்டதில்லை. அடுத்து நான் செய்ய விரும்புவது, பாதத்தின் நுனியையும் குதிகாலையும் வேறு வேறாக அறியும் ஒரு காற்பட்டை. அதற்குப் பற்றவைக்கத் தெரிந்தவர் ஒருவரும் அடவு தெரிந்தவர் ஒருவரும் வேண்டும். ஞாயிறுதோறும் மாலையில் மல்லாபூரில் இருப்பேன். வருவோர், தாளம் தவறினால் பெரியவர் விடமாட்டார் என்பதை மட்டும் நினைவிற் கொள்க.